பழைய பேட்டரி உருக்குற யூனிட்: எந்தெந்த அனுமதி, எதுக்கு அப்புறம் எது?

பவானிக்கரை | இழையைத் தொடங்கியவர்

வணக்கங்க. ஈரோட்டுக்கும் பவானிக்கும் நடுவுல பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வெச்சிருக்கோம். அப்பா காலத்துக் கடை. புதுசு வாங்கறவங்க பழசைக் குடுத்துட்டு அந்தக் காசைக் கழிச்சுக்குவாங்க. பழசெல்லாம் கடைக்குப் பின்னாடி அடுக்கி வெப்போம். ஒருத்தர் வண்டி கொண்டு வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவார். எங்க போகுதுன்னு கேட்டுக்கிட்டதில்லைங்க. கையில காசு வந்துருது, அவ்வளவுதான்.

இப்ப பிராண்டுக்காரங்க ஆள் வந்து, "இனிமே பழசுக்கெல்லாம் கணக்கு வேணும், பதிவு பண்ணின ரீசைக்ளருக்குத்தான் போகணும்"ங்கறாங்க. அதைக் கேட்ட என்ற மச்சான், "அப்ப நாமளே ஒரு உலை போட்டு ரீசைக்ளர் ஆயிரலாமே, ஈயம் என்ன விலை விக்குது, தோட்டத்துல அறுபது சென்ட் சும்மாதானே கிடக்குது"ன்னு ஒரே பிடியா நிக்கறார். தோட்டத்துல இருந்து ஆறு ரெண்டு கிலோமீட்டர் வரும். கன்சல்டன்ட் ஒருத்தர் "ரெண்டு மாசத்துல எல்லா பேப்பரும் கையில குடுத்தர்றேன்"னு சொல்லி அட்வான்ஸ் கேக்கறார்.

தெரிஞ்சவங்க வரிசையாச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்.

டைனமோ

அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா? குடுக்கலைன்னா குடுக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

படிவம்பத்து

ஈய ரீசைக்ளிங் ஆலை ஒன்றில் அனுமதி வேலைகளைப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கன்சல்டன்ட்டின் பட்டியலில் சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருக்காது, பந்தயம் கட்டுகிறேன். 2006 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கையின் அட்டவணையில் 3(ஏ) என்ற வரிசை உலோகத் தொழில்களுக்கு. பழைய உலோகத்திலிருந்து நச்சு உலோகமோ கன உலோகமோ எடுக்கும் ஆலைகள் அதில் வருகின்றன. ஆண்டுக்கு 20,000 டன்னும் அதற்கு மேலும் என்றால் டெல்லி, அதாவது மத்திய அமைச்சகம். அதற்குக் கீழே எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மாநில ஆணையம், சைதாப்பேட்டை பனகல் மாளிகை. "சின்ன உலைதானே சார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தச் சொன்னால், கூட்டத்துக்கு மட்டுமே 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். இதில் இரண்டு மாதம் எங்கிருந்து வந்தது?

அது கிடைத்த பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும், தேவைப்படும் இடத்தில் முதலில் ஆலையை நிறுவ இசைவாணை, கட்டி முடித்ததும் இயக்க இசைவாணை. ஈயம் உருக்குவது சிவப்பு வகை, அதாவது மிக அதிக மாசு தரும் தொழில், வேறு பேச்சே இல்லை. இதோடு 2016 அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அங்கீகாரம்: படிவம் 1-இல் விண்ணப்பம், படிவம் 2-இல் ஆணை. உங்கள் ஆலையிலிருந்து வெளியே போகும் ஸ்லாக் (உலைக் கசடு), ஃபில்டர் தூசி, சுத்திகரிப்புச் சேறு இவற்றுக்கெல்லாம் அதுதான் ஆதாரம். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ரீசைக்ளர் பதிவு. படிவம் 2(ஏ)-வில் மாநில வாரியத்துக்கு விண்ணப்பித்தால் 2(பி)-யில் சான்று வரும்.

பலர் இந்தக் கடைசிப் படியைத்தான் "லைசென்ஸ்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த விண்ணப்பத்தோடு மேலே சொன்ன இசைவாணைகளின் நகல்களை இணைத்தாக வேண்டும். அடித்தளம் போடாமல் மொட்டை மாடிக்குக் கைப்பிடி வைக்கும் கதை.

தொழிற்சாலை உரிமம், தீயணைப்புத் துறை, நகர ஊரமைப்பு எல்லாம் தனி. அவற்றை நான் எண்ணவே இல்லை.

காயலாங்கடை

சார் பேப்பர் பத்தி நல்லாச் சொன்னார். ரேட் பத்தி நான் சொல்றேன், கோயமுத்தூர்ல பழைய சாமான் எடுக்கறவன் நான்.

150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒண்ணு ஆசிட்டோட 50–60 கிலோ வரும். பதிவு பண்ணின ஆலைக்காரர் "ஆசிட்டோட, மூடி திறக்காம கொண்டா"ங்கறார். நியாயம்தான். ஆனா ரேட் போடறப்ப ஆசிட் எடைய நெனச்சுத்தான் போடுவார். பில்லு வேணும், ஜிஎஸ்டி வேணும், பணம் பேங்க்ல வரும், ரெண்டு நாள் கழிச்சு. காட்டுக்குள்ள உலை வெச்சிருக்கறவர் "வடிச்சுட்டுக் கொண்டா"ங்கறார். கிலோவுக்கு மேல காசு, கையில ரொக்கம். வடிச்ச ஆசிட் எங்க போகும்னு கேக்காதீங்க, சாக்கடைக்குத்தான். எங்க தெருவுல ஒரு பழைய குடோன் இருக்குது. முன்னாடி இருக்கற சிமென்ட் தளம் அப்படியே பொரிஞ்சு, உள்ள ஜல்லி தெரியும். அதைப் பாத்தாலே அங்க என்ன வேலை நடந்துச்சுன்னு தெரிஞ்சுரும்.

தம்பி, உங்க வண்டிக்காரர் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கணுமா? வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி கவுத்து வடிக்கறாரான்னு பாருங்க.

பவானிக்கரை

வடிப்பாருங்க. கடைக்குப் பின்னாடி வேப்பமரத்துக்குப் பக்கத்துல. அந்த மரம் பட்டுப் போச்சு, வயசாயிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தோம்.

படிவம்பத்து

@காயலாங்கடை சொன்னதில் தொழில்நுட்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது. மச்சான் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். விறகு அடுப்பே போதும். அதனால்தான் யார் வேண்டுமானாலும் "ரீசைக்ளர்" ஆகிவிட முடிகிறது. ஆனால் பேட்டரிக்குள் ஈயம் முழுவதும் கட்டியாக இருப்பதில்லை. பாதிக்கு மேல் பேஸ்ட்டாக, அதாவது ஈய சல்பேட்டும் ஆக்சைடும் கலந்த சேறாகப் பிளேட்டில் அப்பியிருக்கும். அதிலிருந்து ஈயத்தை எடுக்க ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். கரி, இரும்புத்தூள், சோடா சேர்க்க வேண்டும். கந்தக டை ஆக்சைடு கிளம்பும், ஈயப்புகை கிளம்பும். சைக்ளோன், பேக் ஃபில்டர், ஸ்க்ரப்பர், உயரச் சிம்னி எல்லாம் இந்தப் புகைக்காகத்தான். உலையின் விலையை விட இவற்றின் விலைதான் முதலீட்டை விழுங்கும்.

கள்ள உலைக்காரர் என்ன செய்கிறார்? சுலபமாக வருவதை எடுத்துக்கொள்கிறார். பேஸ்ட்டில் பெரும்பங்கு கசடாக நின்றுவிடும். அதை ஓடைக்கரையில் கொட்டிவிடுகிறார். புகை காற்றோடு போய்விடுகிறது. அவருடைய செலவு குறைவதன் ரகசியம் இவ்வளவுதான். கிலோவுக்கு அவர் கூடக் கொடுக்கும் காசு பக்கத்துத் தோட்டக்காரரின் மண்ணிலிருந்து வருகிறது.

பணிநிறைவு

வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை: ஆறு.

தமிழ்நாட்டில் 1989-இல் வந்த அரசாணை 213, அதிக மாசு தரும் தொழில்கள் நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. 1998-இல் வந்த அரசாணை 127 இன்னும் கடுமையானது. காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளுக்கு ஐந்து கிலோமீட்டர். தாங்கள் எழுதியிருப்பது இரண்டு கிலோமீட்டர். ஈரோடு வட்டாரத்தில் காவிரி, பவானி, நொய்யல் மூன்றையும் வரைபடத்தில் போட்டுச் சுற்றிலும் வட்டம் இழுத்துப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறதென்று.

தோல், சாயம் இரண்டும் இந்தப் பகுதி நிலத்தடி நீரை என்ன செய்தன என்பதைப் பார்த்தவர்கள் போட்ட விதி அது. விண்ணப்பம் வந்தவுடன் அதிகாரி முதலில் எடுப்பது இடத்தின் வரைபடத்தைத்தான், உங்கள் இயந்திரப் பட்டியலை அல்ல. தோட்டம் விவசாய நிலமாக வேறு இருக்கும். சிப்காட், சிட்கோ போன்ற தொழிற்பேட்டைக்குள் மனை இல்லாமல் இந்தத் தொழிலை நினைக்காதீர்கள்.

டைனமோ

மச்சானுக்கு அந்த அறுபது சென்ட்ல மஞ்சள் போடச் சொல்லுங்க.

லித்தியம்பையன்

எல்லாரும் ஏன் ஈயத்துலயே நிக்கறீங்க? எதிர்காலம் ஈவி பேட்டரிதான் ப்ரோ, மின்வாகனத்துல வர்ற லித்தியம் பேட்டரி. உலையே வேண்டாம். உடைச்சுப் பொடியாக்கி, பிளாக் மாஸ்னு சொல்ற அந்தக் கறுப்புப் பொடிய வித்தாப் போதும். புகை இல்ல, ஆறு பிரச்சினை இல்ல. ஃபர்ஸ்ட் மூவர் அட்வான்டேஜ்.

படிவம்பத்து

@லித்தியம்பையன், 2001-இல் வந்த பழைய விதிகள் ஈய அமில பேட்டரிக்கு மட்டும்தான். 2022 ஆகஸ்டில் வந்த விதிகள் ரசாயனம் எதுவானாலும், வடிவம் எதுவானாலும், எல்லா பேட்டரிக்கும் பொருந்தும். ஆக லித்தியத்துக்கும் அதே பதிவு, அதே இசைவாணைகள்.

ஈவி பேட்டரியில் ரீசைக்ளர் மீட்டெடுக்க வேண்டிய பொருளின் அளவு, உலர் எடையில் 2024-25-க்கு 70 சதவீதம், 2025-26-க்கு 80, 2026-27-இலிருந்து 90. வாகன ஈய பேட்டரிக்கு அதே ஆண்டுகளில் 55, 60, 60. வெறுமனே பொடியாக்கி அனுப்பிவிட்டு 90-ஐ எப்படிக் காட்டப் போகிறீர்கள்? அந்தப் பொடியிலிருந்து கோபால்ட், நிக்கல், லித்தியம் பிரிக்கிற ஆலை வேறொருவரிடம் இருந்தால், கணக்கு அவரையும் சேர்த்துத்தான் நிற்கும்.

"புகை இல்ல" என்பதும் சரியில்லை. சார்ஜ் முழுசாக இறங்காத செல் ஒன்று நசுங்கினால் போதும். அதன் சூடு பக்கத்து செல்லுக்குத் தாவும், அணைத்த பிறகும் மறுபடி பற்றும், வருகிற வாயுவில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு இருக்கும். குடோனில் லித்தியம் பேக்கையும் ஈய பேட்டரியையும் ஒரே மூலையில் அடுக்கி வைத்திருக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். பவானிக்கரை, உங்கள் கடையில் இ-ஸ்கூட்டர் பேக் வருகிறதென்றால் முனைகளில் டேப் ஒட்டி, தனியாக, நிழலில், வேறு எதன் மேலும் அடுக்காமல் வையுங்கள். உப்பியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

சிம்னிநிழல்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பெயர் சொல்ல விரும்பவில்லை.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு ஈய ஆலை இருக்கிறது. நீங்கள் எல்லாரும் சொல்கிற அத்தனை பேப்பரும் அவர்களிடம் இருக்கிறது. ஃப்ரேம் போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறார்கள். பகலில் போனால் சிம்னியில் ஒன்றுமே தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தொண்டையில் இனிப்பும் கரிப்புமாக ஒன்று இறங்கும். மாடியில் காயப்போட்ட துணியை உதறினால் சாம்பல். ஃபில்டருக்கான மின்விசிறி கரன்ட் குடிக்கும் என்று இரவில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது அங்கே வேலை பார்க்கும் பையன்களே சொன்னது. அந்தப் பையன்களும் அதே சட்டையோடுதான் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குகிறார்கள். அங்கே அவர்களுக்கு உடை மாற்ற இடமும் இல்லை, குளிக்க இடமும் இல்லை.

2020-இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்தில் கவலைப்படும் அளவு ஈயம் இருக்கிறது என்றது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் ஏறக்குறைய 27.5 கோடி. என் தங்கை மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று கேட்டால், பக்கத்து டவுனில் அந்தப் பரிசோதனையே கிடையாது, சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

ஆகவே அனுமதி, அனுமதி என்று நீங்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. அனுமதி இருக்கிற ஆலையிடமிருந்து என்னைக் காப்பாற்றுவது யார்?

காயலாங்கடை

இதத்தான் நானும் சொல்றேன். பேப்பர் இருக்கறவன் எல்லாம் யோக்கியன், எங்கள மாதிரி ஆளுங்க மட்டும் திருடனா? எங்களுக்குப் பதிவு குடுக்க ஒரு வழி பண்ணாம, பெரிய ஆலைக்கு மட்டும் சட்டம் போட்டா, சரக்கு எங்க வழியாத்தான் போகும். ஊர் ஊரா வீடு வீடாப் போயி எடுக்கறது யாரு? ஏசி ரூம்ல இருக்கறவங்களா?

படிவம்பத்து

நான் ஏசி ரூமில் இல்லை, உலைக்கு இருபது அடியில் இருக்கிறேன். உங்களைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. வடிக்காமல் கொண்டு வந்தால் எங்கள் ஆலையே உங்களிடம் வாங்கும்.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் எந்த அறையில் உட்காருகிறார் என்பது இந்த இழைக்குத் தேவையில்லை.

பணிநிறைவு

@சிம்னிநிழல், தங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

இசைவாணை என்பது ஒரு தாள் அல்ல, நிபந்தனைகளின் தொகுப்பு. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குத் தனி மின்மீட்டர் வைக்க வேண்டும், தினசரி அளவு எழுத வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். அந்த ஆலையின் இசைவாணையை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நிபந்தனை இருந்தால், தனி மீட்டரின் பதிவேட்டையும் உலை ஓடிய நேரத்தின் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். உலை இரவெல்லாம் ஓடி, விசிறி மீட்டர் நகராமல் இருந்தால், அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. "புகை வருகிறது" என்று மனுக் கொடுத்தால் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான், இரவு ஆய்வுக்கு ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. மீட்டர் கணக்கோடு மனுக் கொடுத்தால் பதில் எழுதாமல் தப்ப முடியாது.

தொழிலாளர்கள் பற்றி: ஈய நச்சு, 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலாவதாக இருந்தது. மனுவை வாரியத்துக்கு மட்டும் கொடுக்காமல், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் ஒரு நகல் போடுங்கள்.

தண்டனையைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்குச் சிறை போய்விட்டது, ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம். சிறை இருந்த காலத்திலும் யாரும் உள்ளே போய் நான் பார்த்ததில்லை. அபராதமாவது வசூலாகுமா என்று பார்ப்போம். ஆனால் பேட்டரி விதிகளில் இன்னொரு பிடி இருக்கிறது. பொய்த் தகவல் கொடுத்த ரீசைக்ளரின் பதிவை ஐந்து ஆண்டு வரை ரத்து செய்யலாம். பதிவு போனால் இபிஆர் சான்று விற்க முடியாது. வலிப்பது அங்கேதான்.

டைனமோ

இபிஆர் சான்றுன்னா என்னங்க, சுருக்கமா?

படிவம்பத்து

பேட்டரி தயாரித்தோ இறக்குமதி செய்தோ விற்கிறவர் பழையதைத் திரும்ப எடுத்து ரீசைக்கிள் செய்ய வைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அவர் மத்திய வாரியத்தில் பதிவு செய்கிறார். நாங்கள் எவ்வளவு ரீசைக்கிள் செய்தோம் என்பதை போர்ட்டலில் ஏற்றினால், அந்த அளவுக்குச் சான்று உருவாகும். தயாரிப்பாளர் அதை எங்களிடம் வாங்கித் தன் கணக்கில் காட்டுவார். விலைக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் 2024 மார்ச் திருத்தத்தில் வந்தன: கடமை தவறினால் கட்ட வேண்டிய சுற்றுச்சூழல் இழப்பீட்டில் 30 சதவீதத்துக்கும் 100 சதவீதத்துக்கும் நடுவே.

கள்ள உலைக்காரரோடு விலையில் மோத எங்களுக்கு இருக்கிற ஒரே கூடுதல் வருமானம் இது. இந்தப் பணம் டீலர் வரைக்கும் இறங்கி வந்தால் காயலாங்கடைக்காரர் சொன்ன விலை வித்தியாசம் குறையும். இப்போதைக்கு நடுவிலேயே நின்றுவிடுகிறது என்பது என் கருத்து.

பவானிக்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. மச்சானுக்கு முழுசும் படிச்சுக் காட்டினேன். பனகல் மாளிகை வரைக்கும் கேட்டுட்டு இருந்தார், அஞ்சு கிலோமீட்டர் வந்ததும் எந்திரிச்சுப் போயிட்டார். உலை இல்லைன்னு முடிவாயிருச்சு.

சேர்த்து வெச்சு ஒழுங்கா பதிவு பண்ணின எடத்துக்கு அனுப்பறது மட்டும் பண்றோம்னா, அதுக்கும் பதிவு வேணுங்களா? அனுப்பறப்ப அவங்ககிட்ட என்னென்ன பாக்கணும்?

பணிநிறைவு

2022 விதிகளில் பதிவு என்பது தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், ரீசைக்ளர் ஆகியோருக்குத்தான். சேகரிப்பவரின் கடமை, சேர்ந்ததைப் பதிவு பெற்ற புதுப்பிப்பவரிடமோ ரீசைக்ளரிடமோ ஒப்படைப்பது. ஆனால் கடையில் எக்ஸ்சேஞ்சில் வருவதை அனுப்புவது வேறு, நான்கு ஊர்க் கடைகளில் வாங்கிக் குடோனில் டன் கணக்கில் நிறுத்துவது வேறு. இரண்டாவது என்றால் 2016 அபாயகரக் கழிவு விதிகள் குறுக்கே வரலாம். வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் வைப்பீர்கள் என்று எழுதி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கி, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

படிவம்பத்து

வாங்குபவரிடம் பார்க்க வேண்டியது: 2(பி) சான்று, அதில் எழுதியிருக்கும் பேட்டரி வகை, ஆண்டுக் கொள்ளளவு. லித்தியத்துக்கு மட்டும் பதிவு வைத்துக்கொண்டு ஈயம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இயக்க இசைவாணை காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள், பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான். போர்ட்டலில் பெயரைத் தேடிப் பாருங்கள், ஜெராக்ஸை நம்ப வேண்டாம். பில்லில் எண்ணிக்கை, எடை இரண்டும் இருக்கட்டும். முடிந்தால் ஒருமுறை ஆலைக்கு நேரில் போங்கள், சொல்லாமல், சாயங்காலத்துக்கு மேல். சிம்னிநிழல் எழுதியதைப் படித்த பிறகு இதைச் சேர்க்கிறேன்.

காயலாங்கடை

தம்பி, ஆசிட்டோட எடுக்கற ஆலைக்கு நானும் சேர்த்து ஒரு லோடு போடலாம்னு பாக்கறேன். உங்க சரக்கு எவ்வளவு தேறும்? தனித்தனியாப் போனா வண்டி வாடகையே தின்னுரும்.

பவானிக்கரை

அண்ணா, தனிச் செய்தியில பேசலாம். பிராண்டு வண்டி வந்தா வாடகை அவங்க தர்றதாச் சொல்றாங்க, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். ரேட் குறையும்னு அப்பாகிட்டச் சொன்னேன். "குறையட்டும், கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணு"ன்னார்.

ஒரு சின்ன கேள்விங்க. பின்னாடி இருக்கற மண் தரையில அப்படியே வெக்கறதா, சிமென்ட் போடறதா?

பணிநிறைவு

வெறும் சிமென்ட் போடாதீர்கள், ஆசிட் அதைத் தின்றுவிடும். அமிலம் தாங்கும் டைல் அல்லது எபாக்சி பூச்சு. சுற்றிலும் அரை அடி திண்டு, மேலே கூரை, மழைநீர் உள்ளே வரக் கூடாது. பேட்டரியை நிமிர்த்தியே மரப்பலகை மேல் வையுங்கள், மூடியைத் திறக்க வேண்டாம். கீறல் விட்டது வந்தால் அதற்கென்று தனி பிளாஸ்டிக் தொட்டி. சிந்தினால் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் விடாமல், சோடா ஆஷோ சுண்ணாம்போ தூவி நுரை அடங்கியதும் அள்ளித் தனி மூட்டையில் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு குழாய், ரப்பர் கையுறை, கண்ணாடி. பையன்கள் அதைப் போடாமல் பேட்டரியைத் தூக்க விடாதீர்கள்.

வேப்பமரத்தடி மண்ணை வெட்டி வேறெங்கும் கொட்டிவிடாதீர்கள். கிணற்று நீரைச் சோதிக்கும்போது அந்த மண்ணிலும் ஒரு மாதிரி எடுத்துக் கொடுங்கள்.